வகுப்புரிமை வழக்கும் நம் கல்வி உரிமையும்

நீதிமன்றம் என்றவுடன் நம் மக்களுக்கு நினைவில் வருவன வரப்புத் தகராறும், வாய்தாவும், வக்கீல் கட்டணமும்தாம். ஒருவர் வழக்கில் வென்றால் வெற்றி அவருக்கு. தோற்றால் இழப்பும் அவரோடு நின்றுவிடும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் எல்லா வழக்குகளும் அத்தகையன அல்ல. இருவர் தொடுத்த வழக்கினால் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் கல்வி வாசல் மூடப்பட்டதும் உண்டு. மூடிய வாசல் அரசியல் சட்டத் திருத்தத்தினால் மீண்டும் திறக்கப்பட்டதும் உண்டு. அந்த வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது. அதனை நம் இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஆசிரியப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டுவரும் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். நன்றாகப் படித்துக் கல்லூரியில் இடம் பெற்ற நம் பிள்ளைகளை நோக்கி, "நீ சலுகையில் வந்தவன்தானே" என்று உடன் படிப்போர் சொல்லிவிடுகின்றனர். விடை சொல்லத் தெரியாமல் பிள்ளைகள் தலை குனிகின்றனர். அத்தலைகுனிவுக்குக் காரணம் தகுதிக் குறைவு அன்று. தம் உரிமை எப்படி வந்தது என்னும் வரலாற்றை அறியாமையே. அதனைப் போக்குதல் கல்விச் சங்கத்தின் பணிகளுள் ஒன்று. ஆகவே இவ்வெள்ளி விழா மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

வழக்கமே சட்டமாக இருந்த காலம்

முதலில் 1908ஆம் ஆண்டிற்குச் செல்வோம். அன்று திண்டுக்கல்லும் கமுதியும் ஒரே மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்கள். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் வகுப்பினர் சிலர் நுழைந்து வழிபட்டனர். அந்நாளில் அவர்களுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்தது. கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் சார்பில் மதுரை சப் கோர்ட்டில் வழக்குத் தொடரப்பட்டது. 1899இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. கோயிலைத் "தூய்மை" செய்வதற்கு ஆகும் செலவையும் அவர்களே கொடுக்கவேண்டும் என்றாயிற்று. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர், அங்கும் தோல்வி. கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். 1908இல் அங்கும் தோல்வியே. சங்கரலிங்க நாடான் வழக்கு எனச் சட்ட நூல்களில் பெயர் பெற்றது இதுவே.

இத்தீர்ப்பின் அடிப்படை என்ன? "நெடுங்காலமாக இவர்கள் உள்ளே செல்லும் வழக்கம் இல்லை, ஆகவே செல்லும் உரிமையும் இல்லை" என்பதே. மறுத்துவந்த வழக்கம் எதுவோ, அதுவே மறுப்பதற்கு உரிய சட்டமும் ஆயிற்று. பூட்டியவனிடமே சாவிக்கு நியாயம் கேட்ட கதை இது. பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நம் ஊரில் இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பொருள் வளமும் ஒற்றுமையும் உடைய ஒரு சமுதாயத்துக்கே இந்நிலை என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த நம் முன்னோர் எந்த நீதிமன்றத்தின் படியேறியிருக்க முடியும்?

கடல் கடந்த நாட்டிலும் இதே கதை

அதே 1908ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. கென்டக்கி மாநிலத்திலே பெரேயா கல்லூரி என்ற ஒன்று, கறுப்பின மாணவரையும் வெள்ளை மாணவரையும் ஒரே வகுப்பில் அமர்த்திப் பாடம் நடத்திவந்தது. அவ்வாறு கற்பிப்பது குற்றம் என்று 1904இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. கல்லூரி வழக்காடிற்று. சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மதுரைச் சீமையில் கோயிற் கதவும் கென்டக்கியில் கல்லூரிக் கதவும் ஒரே ஆண்டில் நீதியின் பெயராலேயே அடைக்கப்பட்டன.

அமெரிக்காவில் எழுத்தில் உரிமை இல்லையா என்றால், இருந்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் 1868இல் சேர்க்கப்பட்ட 14ஆம் திருத்தம், சட்டத்தின் சம பாதுகாப்பை எவருக்கும் மறுக்கலாகாது என்றது. நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது 1870இல் வந்த 15ஆம் திருத்தம். ஆனால் 1896இல் பிளெசி என்பாரின் இரயில் பெட்டி வழக்கில், தனித்தனியே பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று நீதிபதிகள் பொருள் கூறிவிட்டனர். ஹார்லன் என்ற நீதிபதி ஒருவரே மாறுபட்டு நின்றார். எழுத்தில் உரிமை இருந்தும், அதனைப் படித்தவர்கள் அதற்கு வேறு பொருள் கண்டனர்.

ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்தது இன்னும் தந்திரமானது. வாக்களிக்க விரும்புவோர் எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்தனர். ஆனால் 1866 சனவரி முதல் நாளில் வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அத்தேர்வு வேண்டியதில்லை என்றனர். நிறம், இனம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஆனால் 1866இல் வாக்குரிமை யாருக்கு இருந்தது? பெரும்பாலும் வெள்ளையர்க்கே. பாட்டன் உரிமையைக் காட்டிப் பேரனை உள்ளே விட்டனர். அடிமையின் பேரனை வெளியே நிறுத்தினர். 1915இல் கின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சூழ்ச்சியைக் கண்டறிந்து அவ்விதி செல்லாது என்றது. 1917இல் லூயிவில் நகரம், கறுப்பர் வாழும் தெரு, வெள்ளையர் வாழும் தெரு எனச் சட்டம் போட்டுப் பிரித்ததையும் செல்லாதாக்கியது. சேரி வேறு, ஊர் வேறு என்று வாழ்ந்த நமக்கு இவ்வழக்கின் பொருள் எளிதில் விளங்கும்.

கின் வழக்கின் தீர்ப்பு வந்த 1915ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் இந்திய மாணவர் பொருளாதாரம் பயின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். பிற்காலத்தில், 1946இல், கறுப்பின மக்களின் அறிஞர் டூ பாய்சுக்கு அவர் கடிதம் எழுதியதும் வரலாறு.

இன்னும் ஒரு வழக்கினை நாம் மறவாமல் நினைவில் வைக்கவேண்டும். பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையிலும் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்பார் அந்நாட்டுக் குடியுரிமை கோரினார். வெளிநாட்டில் பிறந்தோருள் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய விதிகளுள் ஒன்று. தாம் உயர்ந்த சாதியினர், ஆரிய வழியினர், எனவே வெள்ளையர் இனத்துள் அடங்குவர் என்பது அவர் தரப்பு வாதம். 1923இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அநீதியான அந்த விதியை எதிர்ப்பதற்கு மாறாக, "நான் உயர்ந்தவன், என்னை மட்டும் உள்ளே விடு" என்று கேட்பவனுக்கு நேரும் முடிவு இதுதான். நம் நாட்டுச் சாதிப் பெருமை கடல் கடந்து சென்றும் விலை போகவில்லை.

மகாத் வழக்கு காட்டிய வழி

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். 1927இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்று, இக்குளத்தில் தீண்டத்தகாதவர் நீர் எடுக்காமையே தொன்றுதொட்ட வழக்கம் என்று வாதிட்டனர். பத்தாண்டுக் காலம் வழக்கு நடந்தது. 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் முடிவு கூறிற்று. தொன்றுதொட்ட வழக்கம் என்பதை அவர்கள் மெய்ப்பிக்கவில்லை. ஆகவே தடுக்க உரிமை இல்லை என்பதே அம்முடிவு.

கமுதிக்கும் மகாத்துக்கும் உள்ள வேறுபாட்டை உற்று நோக்குங்கள். முன்னதில் வழக்கம் என்ற ஒரு சொல்லே வெற்றி தந்தது. பின்னதில், வழக்கம் என்று சொன்னவனே அதனை மெய்ப்பிக்க வேண்டியவன் ஆனான். இடையிலே கழிந்தவை 29 ஆண்டுகள். அதற்குள் நம்மவருள் சட்டம் கற்ற ஒருவர் தோன்றிவிட்டார் என்பதும் கருதத்தக்கது.

தமிழகத்திலும் வழக்கத்தின் பிடி சட்டத்தால் தளர்ந்தது. பொது வழிகளிலும் பொதுக் கிணறுகளிலும் நம்மவர்க்கு உரிமை வேண்டி இரட்டைமலை சீனிவாசன் முதலியோர் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தனர். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் குடியியல் இடையூறுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். அவ்வாண்டே கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 1908இல் பிரிவி கவுன்சில் உறுதி செய்த வழக்கத்தைச் சட்டமன்றம் இவ்வாறு மாற்றிற்று.

வகுப்புவாரி ஆணை

இப்போது கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் அரசுப் பணிகள் பெரும்பாலும் ஒரு சாராரிடமே குவிந்திருந்தன. அதனை மாற்ற நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணையைப் பிறப்பித்தது. பின்னர் டாக்டர் சுப்பராயன் அமைச்சரவையில் இருந்த எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் அது திட்டவட்டமான வடிவம் பெற்றது. 12 இடங்கள் நிரப்பப்பட்டால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்பது அதன் முறை.

12இல் ஒன்று! இன்று பார்க்கும்போது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அதுவரை ஒன்றும் இல்லாதிருந்தவனுக்கு ஒன்று என்பது எத்துணைப் பெரிது! அரசு அலுவலகத்து நாற்காலியில் நம்மவன் ஒருவன் அமர முடியும் என்பதை அரசாணை முதன்முதலாக எழுதி வைத்தது. 1947இல் இம்முறை மாற்றப்பட்டது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முசுலிம்களுக்கு 1 என்றாயிற்று. மருத்துவக் கல்லூரிகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் மாணவரைச் சேர்ப்பதற்கும் இதே கணக்குப் பின்பற்றப்பட்டது.

சண்பகம் துரைராசன் வழக்கு

1950 சனவரி 26ஆம் நாள் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து மாதங்கள் முழுமையாகக் கழியுமுன், சூன் 7ஆம் நாள், சண்பகம் துரைராசன் என்ற அம்மையார் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். மருத்துவக் கல்லூரியில் சேர விசாரித்ததாகவும், பிராமணர் என்ற காரணத்தால் இடம் கிடைக்காது எனத் தெரிய வந்ததாகவும் கூறினார். அவர் உண்மையில் விண்ணப்பமே அனுப்பவில்லை என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. சி.ஆர். சீனிவாசன் என்ற மாணவர் பொறியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர். அவரும் மனுச் செய்தார்.

அவர்கள் சுட்டிய விதி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. அரசு நடத்தும் கல்வி நிலையத்திலோ, அரசுப் பணத்தால் உதவி பெறும் கல்வி நிலையத்திலோ, சமயம், இனம், சாதி, மொழி என்பவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கலாகாது என்பது அதன் கருத்து.

மாநில அரசோ 46ஆம் பிரிவைச் சுட்டியது. நலிந்த மக்களின், குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி நலனை அரசு தனிக் கருத்தோடு வளர்க்க வேண்டும் என்கிறது அப்பிரிவு.

அன்று சென்னை மாநிலம் முழுவதற்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கே. அவற்றில் இருந்த மொத்த இடங்கள் 330. பொறியியற் கல்லூரிகளும் நான்கே, இடங்கள் 395. ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த பெருமாநிலத்துக்கு இவ்வளவுதான். மதுரையில் மருத்துவக் கல்லூரி தோன்றியதே 1954இல்தான். நம் திண்டுக்கல்லில் 2022இல்தான். அவ்வளவு குறைந்த இடங்களில் நம்மவருக்கு 14க்கு 2 என்ற விகிதத்தையும் இழப்பது என்றால் என்ன பொருள் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

1950 சூலை 27ஆம் நாள் உயர் நீதிமன்றம் மனுதாரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். எழுதியவர் நீதிபதி எஸ்.ஆர். தாஸ். அடிப்படை உரிமைகள் மேலானவை. 46ஆம் பிரிவு போன்ற வழிகாட்டு நெறிகள் அவற்றுக்கு அடங்கியே நடத்தல் வேண்டும். ஆகவே கல்லூரி இடங்களைப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை செல்லாது என்பது முடிவு.

ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்

அன்பார்ந்த இளைஞர்களே, இவ்விடத்தில் நின்று சிந்தியுங்கள். அதே ஏப்ரல் 9ஆம் நாளில் உச்ச நீதிமன்றம் வெங்கடரமணா வழக்கு என்ற இன்னொரு வழக்கிலும் தீர்ப்பு வழங்கிற்று. அதுவும் சென்னை மாநில வழக்கே. அதே வகுப்புவாரி ஆணை பற்றியதே. ஆனால் அது கல்லூரி இடம் பற்றியதன்று. மாவட்ட முன்சீப் பதவி பற்றியது. மொத்தம் 83 பதவிகள். அவற்றுள் அரிசனங்களுக்கு 19, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, எஞ்சியவை பிற வகுப்பினருக்கு எனப் பிரிக்கப்பட்டிருந்தன. இந்த வழக்கில் நீதிமன்றம் என்ன சொல்லிற்று? பிற வகுப்புகளுக்கான பங்கீடு செல்லாது. ஆனால் அரிசனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும் என்றது.

ஒரே நாள், ஒரே நீதிமன்றம், ஒரே மாநிலம், ஒரே அரசாணை. பதவி வழக்கில் நம் பங்கு நிலைத்தது. கல்வி வழக்கில் பறிபோயிற்று. ஏன் இவ்வேறுபாடு? நீதிபதிகளுக்கு நம்மீது காலையில் இரக்கமும் மாலையில் வெறுப்பும் தோன்றியதாலா? அன்று. அரசுப் பதவிகளைக் கூறும் 16ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்குப் பதவிகளை ஒதுக்க அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் வாதாடி நிலைநிறுத்திய உட்பிரிவு அது. கல்வியைக் கூறும் 29ஆம் பிரிவில் அப்படி ஓர் உட்பிரிவு அன்று இல்லை.

எழுத்தில் இருந்த ஒரு வரி முன்சீப் பதவிகளைக் காத்தது. எழுத்தில் இல்லாத ஒரு வரி மருத்துவக் கல்லூரி இடங்களைப் பறித்தது. சட்டத்தின் வலிமையும் அதன் குறைபாடும் இரண்டுமே இங்கு வெளிப்படுகின்றன. நம் உரிமை எவருடைய கருணையையும் நம்பி இருக்கலாகாது; அது எழுத்தில் ஏறியிருத்தல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

முதல் திருத்தம்

தமிழகம் வாளா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாள் முதலே கிளர்ச்சி எழுந்தது. தந்தை பெரியார் ஊர் ஊராகச் சென்று வகுப்புரிமையை வலியுறுத்தினார். கூட்டங்களும் கடையடைப்பும் ஊர்வலங்களும் நடந்தன. கட்சி வேறுபாடு கடந்து குரல் எழுந்தது. காங்கிரசிலும் இதன் நியாயத்தை உணர்ந்தோர் தில்லிக்கு எடுத்துரைத்தனர்.

1951 மே 12ஆம் நாள் பிரதமர் நேரு அரசியல் சட்டத்தின் முதல் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். பேச்சுரிமை, நிலச் சீர்திருத்தம் முதலிய பொருள்களும் அதில் அடங்கும். அன்று சட்ட அமைச்சராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கரே. சென்னை வழக்கின் தீர்ப்பு தமக்கு நிறைவளிக்கவில்லை என்பதை அவர் நாடாளுமன்றத்திலேயே வெளிப்படையாகக் கூறினார். தீர்ப்புக்குக் கட்டுப்படுவது குடிமகன் கடமை; ஆனால் அதனை மதித்து ஏற்கும் கட்டாயம் இல்லை என்ற நிலையில் நின்று வாதிட்டார்.

1951 சூன் 18ஆம் நாள் திருத்தம் நிறைவேறிச் சட்டமாயிற்று. அதன் வழியே 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சமுதாயத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினருக்கோ, தாழ்த்தப்பட்ட சாதியினருக்கோ, பழங்குடியினருக்கோ முன்னேற்றம் கருதி அரசு தனி ஏற்பாடு செய்வதை இந்தப் பிரிவோ 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ தடுக்காது என்பது அதன் சாரம். ஏப்ரல் 9இல் மூடிய கதவு சூன் 18இல் திறந்தது. இடையே இருந்தவை 70 நாட்கள். எந்த வரி இல்லாமையால் இழந்தோமோ அந்த வரியே எழுதிச் சேர்க்கப்பட்டது. நாட்டின் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டதற்குத் தமிழகத்தின் கல்லூரி இடங்களும் ஒரு காரணம் என்பது நாம் பெருமையோடு நினைவில் கொள்ளத்தக்கது.

இன்று நம் பிள்ளை ஒருவன் திண்டுக்கல் மருத்துவக் கல்லூரியில் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கிறான் என்றால், அவனுக்குப் பின்னால் நிற்பது அந்த உட்பிரிவு. அதனைச் சலுகை என்று எவரேனும் கூறினால், "ஐயா, இது அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு, 1951இல் நாடாளுமன்றம் எழுதியது" என்று அவன் நிமிர்ந்து நின்று விடை கூறலாம்.

பின்வந்த தீர்ப்புகள்

அதன்பின் கதை முடிந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 1951இல் 16 விழுக்காடாக இருந்த ஒதுக்கீடு 1971இல் 18 ஆயிற்று. 1990இல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு கிடைத்தது. 1992 நவம்பர் 16இல் இந்திரா சாஹனி வழக்கில், ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் வரம்பு விதித்தது. மொத்தம் 69 விழுக்காடு வைத்திருந்த தமிழ்நாடு மீண்டும் சட்டத்தை நாடிற்று. மாநிலச் சட்டம் இயற்றப்பட்டு, 1994இல் 76ஆம் திருத்தத்தால் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 1951இல் கற்ற பாடத்தை அன்றும் தமிழகம் மறக்கவில்லை.

நமக்குள்ளேயே மிக நலிந்தோர் பற்றியும் வழக்கு வந்தது. 2004இல் சின்னையா வழக்கில், தாழ்த்தப்பட்டோர் பட்டியலை மாநிலங்கள் உட்பிரிவு செய்யலாகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆயினும் 2009இல் தமிழ்நாடு, 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என உள் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றிற்று. 2024 ஆகசுடு முதல் நாள் ஏழு நீதிபதிகளுள் அறுவர், உட்பிரிவு செய்யலாம் எனத் தீர்ப்பளித்து முந்திய தீர்ப்பை மாற்றினர். ஊர் நமக்கு மறுத்ததை நாம் நம் தம்பிக்கு மறுத்தல் முறையாகுமா? இதனை நம் சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

அமெரிக்காவின் கதைக்கு ஒருமுறை திரும்பி முடிவுரைக்கு வருகிறேன். 1938இல் மிசௌரி மாநிலத்துச் சட்டக் கல்லூரி, கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞருக்கு இடம் மறுத்து, பக்கத்து மாநிலத்தில் படித்துக்கொள், கட்டணம் நாங்கள் தருகிறோம் என்றது. அவ்வாறு தட்டிக் கழிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதாடியவர் சார்லஸ் ஹூஸ்டன் என்னும் கறுப்பின வழக்கறிஞர். அவர் வாசிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, தம் சமுதாயத்து இளைஞரை வழக்கறிஞர்களாக உருவாக்குவதையே தவமாகக் கொண்டவர். அவருடைய மாணவர் தர்குட் மார்ஷல். 1954 மே 17இல், பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற பிரவுன் வழக்கின் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர்களுள் தலையாயவர் அவரே. 1896இன் தீர்ப்பு வீழ 58 ஆண்டுகள் ஆயின. அதனை வீழ்த்தியது ஓர் ஆசிரியர் உருவாக்கிய மாணவர் படை. 1967இல் மார்ஷல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே முதல் கறுப்பின நீதிபதியாக அமர்ந்தார்.

நம் நாட்டில் 1951இல் அத்தீர்ப்புகளை வழங்கிய எழுவரில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரும் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் நம்மவருள் முதலில் அமர்ந்தவர் 1980இல் நீதிபதி ஏ. வரதராசன், அவர் நம் தமிழ்நாட்டவர். 2007இல் கே.ஜி. பாலகிருஷ்ணனும் 2025இல் பி.ஆர். கவாயும் தலைமை நீதிபதிகளாயினர். ஆனால் விரல்விட்டு எண்ணும் நிலை இன்னும் மாறவில்லை.

நம் பகுதியில் பிள்ளைகளை ஆசிரியர், எழுத்தர், காவலர் பணிகளுக்கு அனுப்புவதில் பெற்றோர் ஆர்வம் காட்டுகின்றனர். மருத்துவம், பொறியியல் என்றாலும் ஊக்கம் பிறக்கிறது. சட்டம் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் மட்டும் தயங்குகின்றனர். வருமானம் வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பது அவர்கள் கவலை, அதுவும் பொய்யன்று. அக்கவலையை ஒரு குடும்பம் தனித்துச் சுமத்தல் அரிது. சங்கம் தோள் கொடுக்க வேண்டும். 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலும் வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் இருந்து காலையில் பேருந்து ஏறினால் அங்குச் சேரலாம். கமுதி வழக்கினருக்கு இலண்டன் வரை கடல் கடக்க வேண்டியிருந்தது. நமக்கு அத்தொலைவு இல்லை.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் அடுத்த கால் நூற்றாண்டில், ஆண்டுதோறும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ சட்டக் கல்விக்கு உதவி செய்யும் திட்டத்தை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பொன் விழாவின்போது அவர்கள் 25 பேர் இருப்பர். அவர்களுள் சிலர் நீதிமன்றத்தில் வாதாடுவர். ஒருவரேனும் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து சட்டத்தின் வரிகளுக்குப் பொருள் காண்பர். எழுதப்பட்ட வரி நம்மிடம் இருக்கிறது. அதனை எழுத்தெண்ணிப் படிக்கும் பிள்ளைகள் இனி பெருக வேண்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அதன் கல்விப் பணி!